வெடிக்காத லைட்

எங்கள் மாவட்டப் புகைப்படக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு விழா அழைப்பிதழ் போன வாரம் கைக்கு வந்தது. பாராட்டப்படுவோர் வரிசையில் மூன்றாவதாக என் பெயர். பெயருக்கு முன்னால் ‘ஓய்வு பெறும்’ என்று அச்சாகியிருந்தது. எனக்கு வயது முப்பத்து நான்கு.

அச்சுப்பிழை என்று நினைத்துச் சங்கச் செயலாளருக்குப் போன் செய்தேன்.

“பிழையெல்லாம் இல்ல ரெஜினா. பட்டாசுப் பெட்டிக்கு இனிமே போட்டோவே வேணாம்னு பிரஸ்காரவுக சொல்லிட்டாக இல்ல? எல்லாம் கம்ப்யூட்டரே வரைஞ்சிருது. நீங்க எடுத்தது அம்புட்டும் பெட்டிப் படம்தானே. அதான் மரியாதையா ஒரு சால்வை போட்டு அனுப்பிருவோம்னு” என்றார். அனுப்புவது எங்கே என்று அவர் சொல்லவில்லை. “அப்பறம், விழா மலருக்கு உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க. புதுசா வந்த பிள்ளைக ஆசையாக் கேக்காக.”

புதிதாக வந்த பிள்ளைகள் என்னிடம் நேரில் கேட்பது ஒரே கேள்விதான். “அக்கா, இந்த எல்.இ.டி. காலத்துல எதுக்கு இந்த ரெண்டு அம்மிக்கல்லையும் கட்டிக்கிட்டு அழுறீக?” அம்மிக்கல் என்று அவர்கள் சொல்வது என் இரண்டு ஸ்டுடியோ ஃப்ளாஷ் லைட்டுகளை. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். சால்வைக்கான பதில் கடைசியில் இருக்கிறது.

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தேன். அந்த மூன்று வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: எதையும் திறப்பதற்கு முன் எழுதிக்கொள், மூடிய பிறகு இன்னொரு தடவை எழுதிக்கொள். இருபது வயதில் சிவகாசியில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். படம் எடுக்க அல்ல, லைட் பழுது பார்க்க. சாத்தூரிலிருந்து தினமும் பஸ்.

ஸ்டுடியோ முதலாளி மாரிக்கனி அண்ணாச்சி. பட்டாசுப் பெட்டிகளையும் விலைப்பட்டியலுக்கான படங்களையும் எடுப்பதில் ஊரில் அவருக்குத் தனிப் பெயர் உண்டு. ஆனால் ஒரு ஃப்யூஸ் மாற்றத் தெரியாது. தெரியாது என்பதை மறைக்கவும் மாட்டார். யாரையும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கம்பெனிக்காரர்கள் எல்லாரும் அவருக்குச் ‘சாமி’. படம் நன்றாக வந்தால் நல்லா இருக்கு என்று சொல்லமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சரியாக வரவில்லை என்றால் திட்டமாட்டார். “டீ சொல்லுங்க” என்பார். ஒருநாள் ஒன்பது டீ குடித்தோம். அன்றைக்கு எடுத்தது சங்குச் சக்கரப் பெட்டி. அதன் ஜிகினாத் தாளில் எங்கள் முகமெல்லாம் தெரிந்தது.

லைட் இரண்டுக்கும் அவர் மாட்டின் பெயர் வைத்திருந்தார். வெள்ளைப் பெயிண்ட் தெறித்தது வெள்ளையன். சிவப்பு டேப் சுற்றியது செவலை. காலையில் சுவிட்சைப் போடும்போது இரண்டின் தலையிலும் தட்டி, “எந்திரிங்கலே, வேலை கெடக்கு” என்பார்.

ஃப்ளாஷ் லைட் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கல்யாண மண்டபத்து லைட் மாதிரி இது எரிந்துகொண்டே இருக்காது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் மின்சாரத்தை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கேமராவை அழுத்தும் நொடியில் சேர்த்ததையெல்லாம் வளையம் போன்ற கண்ணாடிக் குழாய் ஒன்றுக்குள் மொத்தமாகக் கொட்டும். கண்ணுக்கு ஒரு வெட்டு மின்னல், காதுக்கு ஒரு ‘டப்’. பிறகு மறுபடி சேர்த்துக்கொண்டு ‘கீங்’ என்று கூப்பிடும். நடுவில் ஒரு சின்ன ஹாலஜன் பல்ப் மட்டும் எப்போதும் எரியும். நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க அது. அந்தப் பல்ப்தான் சூடு. இந்தக் கட்டுரையில் நடக்கப்போவதெல்லாம் அதனால்தான்.

இந்த லைட்டுகளுக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பாதி நோட்டு. குழாய் மாற்றிய நாள், மின்விசிறியைத் துடைத்த நாள், கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா இல்லையா. ரெண்டு மாதம் சும்மா கிடந்த லைட்டை எடுத்தவுடன் முழு வேகத்தில் அடிக்கக் கூடாது. ஆகக் குறைந்த அளவில் வைத்து அரை மணி நேரம் விட்டு விட்டு அடித்து, கெபாசிட்டரைப் பழக்க வேண்டும். குழாயை வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கறுத்து விரிசல் விடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் இருக்கும், காத்திருக்க வேண்டும். சுவரில் பதினான்கு வரி எழுதி ஒட்டினேன். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, “ஏத்தா, கல்யாணச் சீர்வரிசை கணக்கா இம்புட்டா?” என்றார். ஆனால் கடைப்பிடித்தார்.

அந்தப் பதினான்கில் முதல் வரி லைட்டைப் பற்றியது அல்ல, பெட்டியைப் பற்றியது. ‘உள்ளே வருவது டம்மியா என்று எடை போடு.’

பட்டாசுப் படம் எடுக்க யாரும் பட்டாசு கொண்டுவருவதில்லை. பெட்டி உண்மை, சுற்றிய தாள் உண்மை. உள்ளே வெறும் குழாய். திரிக்குப் பதில் சாயம் போட்ட நூல். இதுதான் டம்மி. வெடிமருந்து சேர்ந்த சரக்கு குடோனை விட்டு இப்படியொரு இடத்துக்கு வரவே கூடாது. எல்லாருக்கும் தெரியும். ஆனால் சீசன் நெருக்கத்தில் டம்மி ஒட்ட ஆள் இருக்காது. குடோனில் கைநீட்டினால் சரக்கோடு பெட்டி கிடைக்கும், அதையே தூக்கி வந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வெளியூர்க்காரன் பட்டாசுக்குப் பயப்படுவான். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே மருந்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பயம் விட்டுப்போய்விடும். அதனால்தான் தராசு.

மேசையில் பெட்டி அடுக்குபவர் பேச்சியம்மா அக்கா. ஊர் ஆனைக்குட்டம் பக்கம். பல வருடம் பட்டாசு ஆலையில் இருந்துவிட்டு வந்தவர். அவருக்குத் தராசு தேவையில்லை, உள்ளங்கை போதும்.

நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் கழித்து அது நடந்தது. ஊரில் பெரிய கம்பெனி ஒன்றின் விலைப்பட்டியல் வேலை. எங்கள் ஸ்டுடியோவின் ஒரு வருட வேலையில் பாதி அந்த ஒரே கம்பெனியிடமிருந்து வந்தது. முப்பத்தெட்டுப் பெட்டிகளோடு அவர்களுடைய மேனேஜரே நேரில் வந்திருந்தார். நான் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன்.

“இது என்ன பாப்பா, மளிகைக் கடையா? படம் எடுக்கச் சொன்னா நிறுத்துக்கிட்டு இருக்க?”

“இந்த மூணு பெட்டி மட்டும் கனக்குது சார். புஸ்வாணம்.”

“அட்டை கனமா இருக்கும்.”

“அட்டை எல்லாம் ஒரே பிரஸ்ல அடிச்சது சார். மத்தது கனக்கலையே.”

பேச்சியம்மா அக்கா ஒரு பெட்டியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “சரக்கு இருக்கு” என்றார். அவ்வளவுதான். அவருடைய மகன் அப்போது அதே கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் அவர் பேச முடியாது.

அண்ணாச்சி, “சாமி, மூணே மூணு டம்மி. நாளைக்குக் காலைல அனுப்பிருங்க” என்றார், கெஞ்சுவது போல.

“நாளைக்கு பிரஸ்ல பிளேட்டு போடணும்யா. ஒரு நிமிசத்துல எடுக்கிற படம். ஒங்க லைட்டு என்ன தீக்குச்சியா?”

அண்ணாச்சி, “டீ சொல்லுங்க” என்றார். நான் மூன்று பெட்டியிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு மற்ற முப்பத்தைந்தையும் எடுக்க ஏற்பாடு செய்தேன்.

மதியம் அண்ணாச்சி அடுத்த தெருவிலிருக்கும் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். நானும் அக்காவும் பின் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்தோம். ஸ்டுடியோவில் மேனேஜர் மட்டும் இருந்தார். வெள்ளையன் மேசைக்கு நேர் மேலே ஒரு நீளக் கம்பியில் தொங்கியது. அதன் வாயில் புனல் மாதிரி ஒரு குவியம். வெளிச்சத்தை ஒரே இடத்தில் விழவைப்பது; வெளிச்சத்தோடு சூட்டையும் குவிக்கும்.

பிறகு பேச்சியம்மா அக்காவும் நானும் பார்த்ததையும், மேனேஜரே உளறியதையும் சேர்த்து நான் எழுதிவைத்தது இது. மேனேஜருக்கு அந்தப் புஸ்வாணத்தைத் தன் போனில் படமெடுத்து கம்பெனி முதலாளிக்கு அனுப்ப ஆசை. ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து மேசையில் நிறுத்தினார். வெளிச்சம் போதவில்லை. ஹாலஜன் பல்பை முழுசாகக் கூட்டினார். அதுவும் போதாமல் கம்பியை இறக்கிப் புனலைத் திரியை ஒட்டிக் கொண்டுவந்தார். அந்த நேரம் பார்த்து முதலாளியே போனில் வந்தார். மேனேஜர் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

புஸ்வாணச் சத்தம் எங்களுக்குப் புதிதல்ல. கூரைக்குக் கீழே அதைக் கேட்பதுதான் புதிது.

நான் மெயின் சுவிட்சுக்கு ஓடினேன். அக்கா மேசைக்கு ஓடினார். மேசையில் திறந்த பெட்டியில் பாக்கி ஒன்பது, அடியில் இன்னும் இரண்டு பெட்டி. பொறி கொட்டிக்கொண்டிருக்கும்போதே வலது கையை உள்ளே விட்டு மூன்றையும் இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினார். நான் மணல் வாளியைக் கவிழ்த்தேன். பின்னால் தொங்கிய பேக்கிரவுண்ட் தாள் பாதி எரிந்து விழுந்தது. அதோடு முடிந்தது. அக்கா அந்தப் பெட்டிகளை இழுக்காமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். அவருடைய வலது கை முழங்கை வரை வெந்திருந்தது.

பக்கத்துப் பிரஸ்காரர்கள் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு ஓடிவந்தார்கள். வாசலில் நின்ற மேனேஜர் சொன்ன முதல் வார்த்தை எனக்குக் கேட்டது.

“லைட்டு வெடிச்சிருச்சு! பழைய லைட்டு!”

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அதையே சொன்னது. ஆஸ்பத்திரியில் அக்கா எண்ணெய் தெறித்தது என்று எழுதவைத்தார், மகன் வேலைக்காக.

மறுநாள் வெள்ளையனை மேசையில் கிடத்தித் திறந்தேன். நோட்டில் எழுதியது இதுதான். ஹாலஜன் பல்ப் உடைந்தது. வெளிக் கண்ணாடி விரிசல், முழுவதும் கரி. ஃப்ளாஷ் குழாய் நல்ல நிலை. கெபாசிட்டர் உப்பவில்லை, கசியவில்லை. மின்விசிறியில் தாள் சாம்பல், துடைத்தேன். ஒரு புஸ்வாணத்தை முழுசாக முகத்தில் வாங்கிய லைட் அது. கண்ணாடிக் கரியை மட்டும் துடைக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன்.

மூன்றாம் நாள் காலை மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். டைப் அடித்தது. ‘முறையாகப் பராமரிக்கப்படாத பழைய மின்விளக்குக் கருவி வெடித்ததால் தீ ஏற்பட்டது’ என்று இருந்தது. கீழே ‘கருவிகளின் பொறுப்பாளர்’ என்று போட்டு என் பெயர். பதினொரு மணிக்குத் தீயணைப்பு அதிகாரி விசாரிக்க வருகிறார், அதற்குள் கையெழுத்து வேண்டும்.

அண்ணாச்சி என்னைப் பின் அறைக்குக் கூட்டிப்போனார்.

“தாயி, ஒரு கையெழுத்துத்தான். சரக்கு வெளிய வந்துச்சுன்னு தெரிஞ்சா அவுக லைசென்ஸுக்கு வெனை. அவுக போனா நம்ம கடைக்குப் பூட்டு. லைட்டு என்ன, கோவிச்சுக்கிடவா போகுது?”

“லைட்டு கோவிக்காது அண்ணாச்சி. ‘முறையாகப் பராமரிக்கப்படாத’ன்னு போட்டிருக்கே, அது நான்.”

“உன்னைய யாருத்தா கேக்கப் போறா?”

“யாரும் கேக்க வேணாம். லைட்டு வெடிச்சதுன்னு எழுதுனா அடுத்த சீசனுக்கும் இதே மாதிரி மூணு பெட்டி வரும். அன்னைக்குப் பேச்சியம்மா அக்கா இருப்பாகளா?”

அவர் சுவரில் ஒட்டிய பதினான்கு வரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “உன் இஷ்டம்” என்று சொல்லாமல், “டீ சொல்லு” என்றார். நான் டீ சொல்லவில்லை.

அதிகாரி வந்தார். நடுத்தர வயது, நிதானமான ஆள். எரிந்த தாளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். “எந்த லைட்டு வெடிச்சது?” என்றார். மேனேஜர் மூலையைக் கைகாட்டினார்.

நான் வெள்ளையனைத் தூக்கி வந்து நடு அறையில் ஸ்டாண்டில் மாட்டினேன். முகமெல்லாம் கரி. பார்க்க உண்மையிலேயே வெடித்த மாதிரிதான் இருந்தது. பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். மின்விசிறி சுற்றியது. சேர்த்துக்கொள்ளும் அந்த மெல்லிய ஊளை கிளம்பியது. ‘கீங்’ என்றது.

சோதனைப் பொத்தானை அழுத்தினேன். டப்.

எல்லாரும் கண்ணைச் சிமிட்டினார்கள். ‘கீங்.’ டப். வாய்விட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவதில் மேனேஜர், “போதும் பாப்பா” என்றார்.

“இன்னும் ரெண்டு இருக்கு சார். சோதனைன்னா பத்து.”

பத்தும் அடித்தேன். அதிகாரி லைட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து, கரி படிந்த கண்ணாடியில் விரலைத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். மருந்து வாசனை இந்த ஊரில் யாருக்கும் தெரியாததல்ல.

“வெடிச்ச லைட்டு இதுதானாங்க?” என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் தன் போனைப் பார்த்தார்.

“அப்ப வெடிச்சது எது?”

நான் கையால் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். பெட்டி எடையிலிருந்து மணல் வாளி வரை எல்லாம் அதில் இருந்தது. என் தப்பு இரண்டும் இருந்தது: கனத்த பெட்டிகளை அறையை விட்டே அனுப்பாமல் மேசைக்கு அடியில் வைத்தேன், சாப்பிடப் போகும்போது லைட்டின் பிளக்கைப் பிடுங்கவில்லை. அவர் அங்கேயே நின்று முழுசாகப் படித்தார். “ஒங்க தப்பையும் எழுதியிருக்கீகளே” என்றார். “நடந்தது அதுதான் சார்” என்றேன். அவர் தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

அந்த நேரம் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். கோபமாகத்தான் இருந்தார். ஆனால் மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

கம்பெனிக்கு நோட்டீஸ் போனதாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அவர்கள் ஆர்டரை எடுத்துக்கொண்டு வேறு ஸ்டுடியோவுக்குப் போனதைப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி கூப்பிட்டார்.

“நாளைலேர்ந்து வராத தாயி. உன்னைய வச்சிருந்தா மத்த கம்பெனிக்காரனும் வாசப்படி ஏறமாட்டான்.” பிறகு மூலையில் இருந்த இரண்டு லைட்டையும் பார்த்தார். “இதுகளையும் கூட்டிட்டுப் போயிரு. இதுக ரெண்டும் உன்னைய மாதிரியே. சொன்னாக் கேக்காதுக.”

சாத்தூர் பஸ்ஸில் ஒன்றை மடியிலும் இன்னொன்றைக் காலுக்கு நடுவிலும் வைத்துக்கொண்டேன். கண்டக்டர், “ஏம்மா, கிரைண்டரையா மடியில வச்சுக் கொஞ்சுற?” என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

சாத்தூரில் ஒற்றை அறை. வாசலில் பலகை: ‘உள்ளே மருந்துக்கு அனுமதி இல்லை. பெட்டிகள் எடை போடப்படும்.’ முதல் ஆறு மாதம் ஒரு பட்டாசுக் கம்பெனியும் வரவில்லை. இருக்கன்குடி கோயிலில் மொட்டை போட்டுவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் வந்தன. சந்தனம் பூசிய மொட்டைத் தலையில் ஃப்ளாஷ் விழுவது ஜிகினாத் தாளை விடக் கஷ்டம். நன்றாகப் பழகிக்கொண்டேன். பிறகு சின்னக் கம்பெனிகள் வந்தன, பிறகு நடுத்தரமானவை. தராசைப் பார்த்து முனகுவார்கள். முனகிக்கொண்டே டம்மி கொண்டுவருவார்கள்.

கை ஆறியதும் பேச்சியம்மா அக்கா ஒருநாள் வந்து நின்றார். அவருடைய மகனைக் கம்பெனி வேலையை விட்டு நிறுத்திவிட்டிருந்தார்கள். என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“அவனுக்கு வேற எடத்துல லோடு கெடச்சிருச்சு. அத விடு” என்றார். “ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தச் சீட்ட மாத்தி எழுதச் சொன்னேன். எண்ணெ இல்ல, புஸ்வாணம்னு. மாத்தமாட்டேன்னாக. எழுதுற வரைக்கும் எந்திரிக்கமாட்டேன்னு உக்காந்துட்டேன்.” எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அந்தச் சீட்டை என்னிடம் காட்டிவிட்டுத் திரும்ப மடித்துப் பையில் வைத்தார். அடுத்த நாளிலிருந்து என் மேசையில் பெட்டி அடுக்கினார். இன்றும் அவர்தான்.

என் சுவரில் இப்போது பதினாறு வரி. பதினைந்து: சாப்பிடப் போனால் பிளக்கைப் பிடுங்கு. பதினாறு: கனத்த பெட்டி அறைக்குள் நிற்கக் கூடாது.

இனி, கம்ப்யூட்டர் வரையும் படத்தைப் பற்றி. எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. பெட்டி ஸ்டுடியோவுக்கு வரவே வேண்டாம் என்றால், மருந்தும் வராது, அது நல்லதுதான். என் வேலையில் பாதி போய்விட்டது என்பதும் உண்மைதான். ஆனால் வேலை போவதும் ஆள் ஓய்வு பெறுவதும் ஒன்றல்ல. போன மாதம் என் மேசைக்கு ராஜபாளையத்திலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் பதினோரு லைட்டுகள் பழுதுக்கு வந்தன. அதில் நான்கு, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத எல்.இ.டி. அம்மிக்கல் என்று சொன்ன பிள்ளைகளுடையவை.

வெள்ளையனும் செவலையும் என்னிடம் வந்து பத்து வருடம். நோட்டுப்படி வெள்ளையனுக்கு இரண்டு குழாய், ஒரு மின்விசிறி, ஒரு கண்ணாடி மாற்றியிருக்கிறேன். கெபாசிட்டர் இன்னும் பழையதுதான். கரி படிந்த அந்தப் பழைய கண்ணாடியைத் தூக்கி எறியவில்லை. அந்த டைப் அடித்த தாளையும் எறியவில்லை. கையெழுத்துப் போடவேண்டிய இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது.

‘பழையது, வெடித்துவிட்டது’ என்று ஒருமுறை என் லைட்டுக்கு எழுதிக்கொண்டு வந்தார்கள். இந்த முறை எனக்கு. ஆகவே மலர்க்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரைக்கு மேலே ‘ஓய்வு பெறும்’ என்று போடவேண்டாம். அழைப்பிதழில் போட்டதை மாற்ற முடியாது என்றால் பரவாயில்லை, விழாவுக்கு வருகிறேன். சால்வை வேண்டாம். வெள்ளையனைத் தூக்கிக்கொண்டு மேடையேறுகிறேன். அங்கே ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் வைத்திருங்கள். பத்து தடவை அடிப்பேன். எட்டாவதில் யாரும் போதும் என்று சொல்லக் கூடாது.